காணாக்கடிக்கு வீட்டில் தடவுபவை: சுண்ணாம்பிலிருந்து கேலமைன் வரை ஒரு மதிப்பீடு

கடித்தது எது என்று யாரும் பார்க்காத கடியைக் காணாக்கடி என்று எங்கள் பக்கம் சொல்வார்கள். தோலில் திடீரென்று தடிப்பு எழும்பினாலும், காலையில் எழுந்த குழந்தையின் கன்னத்தில் சிவப்பு தெரிந்தாலும் பெரியவர்கள் வாயில் முதலில் வருவது அந்தச் சொல்தான். அடுத்து, எட்டுக்கால் பூச்சியாக இருக்கும் என்ற ஊகம் வரும். அதற்கடுத்து ஒரு மருந்து வரும். அது சமையலறையிலிருந்தோ, வெற்றிலைப் பெட்டியிலிருந்தோ, நாட்டு மருந்துக் கடையிலிருந்தோ, மெடிக்கலிலிருந்தோ வரலாம். திருவையாற்றுப் பக்கத்துக் கிராமம் ஒன்றில், வயலை ஒட்டிய வீட்டில், ஏழு வயது மகளையும் மூன்று வயது மகனையும் வளர்த்து வரும் நான், கடந்த இரண்டு ஆண்டுகளில் இவற்றில் பெரும்பாலானவற்றைப் பயன்படுத்தியிருக்கிறேன், அல்லது பயன்படுத்துவதைப் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, எதைத் தடவுவது என்று தவிக்கும் பெற்றோருக்கு உதவும் என்பதால் அவற்றை ஒவ்வொன்றாக மதிப்பிட்டு எழுதுகிறேன்.

இந்த அக்கறை எனக்குள் எழுந்தது ஒரு ஐப்பசி மாதத்தில். அடைமழை தொடங்கிய வாரம், மகள் காலையில் எழுந்தபோது கழுத்தின் இடப்பக்கத்தில் சூடு போட்டதைப் போல விரல் நீளத்துக்குச் சிவந்த கோடு ஒன்று இருந்தது. மாலைக்குள் அந்தக் கோட்டின் மேல் கடுகளவில் சீழ்க்கொப்புளங்கள் வரிசையாக நின்றன. முழங்கையை மடக்கும் இடத்தில், மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக, ஒன்றையொன்று அச்செடுத்தாற்போல இரண்டு புண்கள். “எட்டுக்கால் பூச்சி மூத்திரம் பட்டிருக்கும்மா, இதுக்கு மந்திரிச்சாத்தான் போகும்” என்றார் என் அத்தை. மறுநாள் அழைத்துச் சென்ற தோல் மருத்துவர் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிட்டார்: இது சிலந்தியும் இல்லை, கடியும் இல்லை. பேடரஸ் என்னும் சிறு வண்டு. ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவான நீளம், எறும்பைப் போல ஒடுங்கிய உடல், ஆரஞ்சு நிறத்தில் மார்பும் வயிறும், கறுத்த தலையும் வால்நுனியும். நெல்வயலில் பயிரைத் தின்னும் பூச்சிகளை இரையாக்கிக்கொள்வதால் உழவருக்கு அது நண்பன். மழைக்காலத்தில் டியூப்லைட் வெளிச்சத்துக்கு வீட்டுக்குள் வரும். கடிக்கத் தெரியாது, கொட்டவும் தெரியாது. தூக்கத்தில் நம் கை அதை நசுக்கித் தேய்க்கும்போது உடம்பிலிருந்து கசியும் பெடரின் என்ற நச்சுதான் தோலை வேகவைக்கிறது. நசுக்கிய அன்று ஒன்றும் தெரியாமல், ஒன்றிரண்டு நாள் கழித்தே புண் தெரிவதால், யாரும் அந்த வண்டைச் சந்தேகிப்பதில்லை. சுவர் மூலையில் அசையாமல் உட்கார்ந்திருக்கும் பெரிய எட்டுக்கால் பூச்சி கண்ணில் படுகிறது. பழி அதன் மேல் விழுகிறது.

நம் வீடுகளில் காணும் சிலந்திகளைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். சுவரில் ஓடும் உள்ளங்கையளவு பெரியது, மூலையில் ஒட்டடை பின்னும் நீண்ட கால்காரி, ஜன்னலில் குதித்துக் குதித்து ஈ பிடிக்கும் சின்னது, இவை எவையும் குழந்தையைத் தேடிவந்து கடிப்பவை அல்ல. கையில் மாட்டிக்கொண்டு கடித்தாலும் பெரும்பாலும் வலியும் வீக்கமும் வந்து தானே தணியும். மரப்பொந்துகளில் வாழும் ரோமம் அடர்ந்த பெரிய சிலந்தி கடித்தால் மட்டும் தசைப்பிடிப்பு நாள்கணக்கில் நீடிக்கக்கூடும் என்பதால் மருத்துவரிடம் காட்ட வேண்டும். மற்றபடி, சிலந்திக்கடி என்று வீட்டில் பெயர் சூட்டப்படுபவற்றில் பெரும்பங்கு கொசுவோ, மூட்டைப்பூச்சியோ, நாய் பூனையின் தெள்ளுப்பூச்சியோ, அந்த ஆரஞ்சு வண்டோதான்.

மதிப்பீட்டுக்கு வருகிறேன். முதலிடத்தில் நான் வைப்பது கடையில் தனியாக வாங்க வேண்டாத ஒன்றை: குழாய்த் தண்ணீரும் குளியல் சோப்பும். இதை மருந்தென்று யாரும் மதிப்பதில்லை என்பதுதான் என் ஆதங்கம். அந்த வண்டு உடம்பில் நசுங்கியது தெரிந்த உடனே சோப்புப் போட்டுக் கழுவினால் நச்சின் பெரும்பகுதி தோலை விட்டுப் போய்விடும். அந்தக் கையால் கண்ணைத் தேய்த்துக் கண்ணிமை வீங்குவதும் தவிர்க்கப்படும். எறும்புக்கடி, கொசுக்கடி, குளவிக்கொட்டு என்று எதுவாக இருந்தாலும் கழுவிய தோலில் நகம் பட்டால் சீழ் பிடிக்கும் வாய்ப்புக் குறைவு. அதன்பின் குளிர்ச்சி. ஐஸ் கட்டியை நேராகக் குழந்தையின் தோலில் வைக்கக் கூடாது. பழைய பருத்தித் துணியில் சுற்றி, பத்து நிமிடம் வைத்து எடுத்து, சற்று இடைவெளி விட்டு மறுபடி வைக்கலாம். ஃபிரிட்ஜ் இல்லாத வீட்டில் மண்பானைத் தண்ணீரில் நனைத்த துணி போதும். என் மகன் காலில் கட்டெறும்பு கடித்த அன்று, நனைத்த துணியைக் கட்டிய ஐந்தாவது நிமிடம் அழுகை நின்றது. அதைவிட விரைவாக வேலை செய்த எந்தக் களிம்பையும் நான் பார்க்கவில்லை.

தேனீ கொட்டியிருந்தால் கழுவுவதற்கும் முன்னால் ஒரு வேலை இருக்கிறது. தேனீயின் கொடுக்கில் முள் இருப்பதால் அது நச்சுப்பையோடு பிய்ந்து தோலில் தங்கி, தேனீ பறந்துபோன பின்னும் நச்சைச் செலுத்திக்கொண்டே இருக்கும். ஒரு நிமிடத்துக்குள் பை காலியாகிவிடும். ஆகவே நகத்தால் வழித்தாலும் சரி, விரலால் பிடுங்கினாலும் சரி, எப்படி எடுக்கிறோம் என்பதைவிட எவ்வளவு சீக்கிரம் எடுக்கிறோம் என்பதே முக்கியம். கத்தியைத் தேடி, ஊசியைத் தேடி, பெரியவரைக் கூப்பிட்டு வருவதற்குள் காரியம் முடிந்துவிடும். குளவி கொடுக்கை விட்டுச் செல்வதில்லை. அங்கே தோலைக் கிள்ளிக் கிள்ளித் தேடிக் குழந்தையை நோகடிக்க வேண்டாம்.

இரண்டாவதாக நான் உறுதியாகப் பரிந்துரைப்பது கேலமைன் லோஷன். ஜிங்க் ஆக்சைடும் சிறிதளவு இரும்பு ஆக்சைடும் சேர்ந்த பழைய மருந்து இது; அந்த இளஞ்சிவப்பு நிறம் இரும்பு ஆக்சைடு தருவது. மெடிக்கலில் 150 ரூபாய்க்குள் ஒரு பாட்டில் கிடைத்தது. தூள் அடியில் படிந்துவிடும் என்பதால் ஒவ்வொரு முறையும் நன்றாகக் குலுக்க வேண்டும். குலுக்காமல் ஊற்றினால் மேலே நிற்கும் வெறும் தண்ணீர்தான் வரும், நான் முதல் வாரம் முழுவதும் அப்படித்தான் தடவியிருக்கிறேன். பஞ்சில் தொட்டு ஒற்றினால் ஈரம் ஆறும்போது தோல் குளிர்கிறது. காய்ந்தபின் மெல்லிய படலமாக நின்று, சொறியும் நகத்துக்கும் தோலுக்கும் நடுவில் ஒரு தடுப்பாகிறது. என் மகனுக்குக் கொசுக்கடி ஒவ்வொன்றும் பயறளவு தடித்து வாரக்கணக்கில் நிற்கும். இரண்டு வயதிலிருந்து பத்து வயது வரையிலான பிள்ளைகளுக்கு இப்படி வருவது சகஜம் என்றும், உடம்பு பழகப் பழகக் குறையும் என்றும் மருத்துவர் சொன்னார். அவனுக்கு இரவில் படுக்கும் முன் இதை ஒற்றிவிட்டால் சொறியாமல் தூங்குகிறான். இவ்வளவுதான் இதன் வேலை. நச்சை முறிக்காது, வீக்கத்தை வடிக்காது. உடைந்த கொப்புளத்திலும், கண்ணுக்கும் வாய்க்கும் அருகிலும் தடவக் கூடாது. வாங்கும்போது அட்டையைப் படிப்பது அவசியம்: கேலமைன் என்ற பெயரோடு முகத்தின் எண்ணெய்ப் பசையைப் போக்கும் அழகுப்பொருள்களும் விற்கின்றன, சிலவற்றில் கற்பூரமோ, ஒவ்வாமை மருந்தோ சேர்த்திருக்கிறார்கள். குழந்தைக்கு வேண்டியது எதுவும் சேர்க்காத, மணமில்லாத சாதாரண லோஷன்.

சமையலறைப் பொருள்களில் மஞ்சளும் வேப்பிலையும் சேர்த்து அரைத்த விழுதை நான் எதிர்க்கவில்லை. அம்மை கண்ட வீட்டில் வேப்பிலையை வைத்துக் கும்பிட்டு வளர்ந்தவர்கள் நாம். அந்தக் குளிர்ச்சியும், பாட்டியின் கையும் குழந்தைக்கு ஆறுதல் தருவதை மறுக்க மாட்டேன். முழுத் தோலில், கழுவிய அம்மியில் அரைத்ததை மெல்லியதாகப் பூசினால் பெரும்பாலான குழந்தைகளுக்குக் கெடுதல் இல்லை. ஆனால் அதன் நிறத்தில் ஓர் ஆபத்து இருப்பதை எங்கள் தெருவில் கண்டேன். காய்ச்சல் வந்த சிறுவன் ஒருவனுக்கு அக்குளில் ஏதோ கடித்த அடையாளம் இருந்தது என்று நான்கு நாள் மஞ்சள் அப்பினார்கள். ஐந்தாம் நாள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் செவிலியர் வெந்நீரில் நனைத்த பஞ்சால் அந்த மஞ்சளைத் துடைத்து எடுத்தார். அடியில் பீடி நெருப்பால் சுட்டதைப் போல நடுவில் கறுத்து, ஓரம் சிவந்த வட்டப் பொருக்கு இருந்தது. தொட்டால் அவனுக்கு வலிக்கவே இல்லை. அது உண்ணிக் காய்ச்சலின் அடையாளம். புதரிலும் புல்லிலும் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத உண்ணிக் குஞ்சு கடித்து வருவது. தமிழ்நாட்டில், மழைக்குப் பிந்திய குளிர்மாதங்களில் அதிகம். அக்குள், தொடையிடுக்கு, காதின் பின்புறம், முழங்காலின் பின்மடிப்பு என்று மறைவான இடங்களில் அந்தப் பொருக்கு இருக்கும். சீக்கிரம் கண்டுபிடித்தால் டாக்ஸிசைக்ளின் அல்லது அசித்ரோமைசின் கொடுத்துக் குணப்படுத்திவிடலாம். தாமதித்தால் நுரையீரலையும் மூளையையும் கூடத் தாக்கக்கூடிய நோய். அந்தப் பையன் பிழைத்து, இப்போது பள்ளிக்குப் போகிறான். அன்றிலிருந்து, எதையும் பூசுவதற்கு முன், கடித்த இடத்துக்குப் பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்துச் செல்பேசியில் படம் எடுத்து வைக்கிறேன். வீக்கம் இருந்தால் அதன் ஓரத்தைப் பேனாவால் கோடிட்டு நேரத்தை எழுதுகிறேன். காய்ச்சல் இருந்தால் மஞ்சள், காவி, கேலமைன் என்று நிறமுள்ள எதையும் பூசுவதில்லை.

வெங்காயத்தைத் தேய்ப்பது, சமையல் சோடாவைக் குழைத்துப் பூசுவது, பற்பசை தடவுவது ஆகிய மூன்றையும் சேர்த்தே சொல்லிவிடலாம். தேனீ நச்சு அமிலம், குளவி நச்சு காரம், ஆகவே ஒன்றுக்குக் காரத்தையும் மற்றதற்கு அமிலத்தையும் தடவினால் சரியாகும் என்று பள்ளியில் நாமும் படித்திருக்கிறோம். நச்சு இறங்கியிருப்பது தோலுக்கு உள்ளே. அதில் பல புரதங்கள் இருக்கின்றன. மேலே தடவும் புளியோ சோடாவோ அங்கே போய்ச் சேர்வதில்லை. பற்பசையின் குளுமை சிறிது நேரம் வலியை மறக்கச் செய்யும். பிறகு தோலை எரிக்கும். மூன்றுமே வேண்டாம்.

சுண்ணாம்பைப் பற்றி மனவருத்தத்தோடு எழுதுகிறேன். மகளின் முன்கையில் குளவி கொட்டியபோது நான் வீட்டில் இல்லை. அத்தை பதறிப்போய் வெற்றிலைப் பெட்டியைத் திறந்து, ஈரச் சுண்ணாம்பை விரலால் வழித்துக் கட்டியாக அப்பியிருக்கிறார். அவர் கையிலும் அவர் அம்மா அப்படித்தான் தடவினாராம். ஒரு மணி நேரம் கழித்து நான் வந்து கழுவியபோது, கொட்டிய இடத்தைச் சுற்றி எட்டணா அளவுக்குத் தோல் வெளுத்து வழுவழுவென்று ஆகியிருந்தது, மறுநாள் உரிந்தது. குளவி கொடுத்த வலி அன்று மாலையே போய்விட்டது. சுண்ணாம்பு கொடுத்த புண் ஆற மூன்று வாரம் ஆனது. தழும்பு இன்னும் இருக்கிறது. சுண்ணாம்பு என்பது கால்சியம் ஹைட்ராக்சைடு, கடும் காரம். உழைத்துக் காய்த்த விரல் தாங்குவதைக் குழந்தையின் மெல்லிய தோல் தாங்காது. கண்ணில் தெறித்தால் பார்வையே போகலாம். அத்தை மேல் எனக்குக் கோபம் இல்லை. பேத்தியின் கையைப் பார்த்து அன்றைக்கு அவர்தான் அதிகம் அழுதார். மண்ணெண்ணெய், பேட்டரிக் கரி, சூடு வைப்பது ஆகியவையும் இந்த வரிசையில் வருபவைதான்.

அக்கி எழுதுவதையும் இங்கே சேர்க்க வேண்டியிருக்கிறது, ஏனென்றால் அந்த வண்டுக் கொப்புளத்தைப் பார்த்தவர்களில் பாதிப் பேர் இது அக்கி என்றார்கள். மண்பாண்டம் செய்யும் பெரியவர் செங்காவியைக் குழைத்துக் கொப்புளங்களைச் சுற்றிச் சிங்க உருவம் எழுதுவது நம் ஊர்களில் தலைமுறையாக நடப்பது. அவர் காசுக்காகச் செய்பவர் அல்லர், வந்தவருக்கு நல்லது நடக்க வேண்டும் என்று மனதார எழுதுபவர். உண்மையான அக்கி என்பது அம்மைக் கிருமி நரம்பில் தங்கியிருந்து மறுபடி கிளம்புவது. இரண்டிலிருந்து நான்கு வாரத்தில் பெரும்பாலும் தானே ஆறும். வண்டுப் புண்ணும் ஒன்றிலிருந்து மூன்று வாரத்தில் கறுத்த தடத்தை விட்டுவிட்டுத் தானே ஆறும். கொசுக்கடியும் ஆறும். தானே ஆறும் எல்லாவற்றுக்கும் நாம் எதைத் தடவினோமோ அதற்குப் பெயர் போய்ச் சேர்ந்துவிடுகிறது. என் மகளுக்கு நாங்கள் காவி எழுதியிருந்தாலும் ஆறியிருக்கும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். உடைந்த கொப்புளத்தில் மண் சேர்ந்து சீழ் வைத்திருக்கவும் கூடும் என்பதால்தான் வேண்டாம் என்றேன். கண்ணருகில் அக்கி வந்திருந்தால் ஒரு நாளும் காத்திருக்காமல் கண் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

நாட்டு மருந்துக் கடையில் வாங்கிய பொட்டலத்துக்குத்தான் என் மதிப்பீட்டில் மிகக் குறைந்த இடம். தஞ்சாவூரில் ஒரு கடையில், மகனுக்கு அடிக்கடி உடம்பில் தடிப்பு வருகிறது என்று சொன்னதும், காணாக்கடிப் பொடி என்று சாம்பல் கலந்த பச்சை நிறத்தில் ஒரு பொடியைக் காகிதத்தில் மடித்துக் கொடுத்தார்கள். காலையில் வெறும் வயிற்றில், மிளகும் வெற்றிலைச் சாறும் சேர்த்து, மூன்று வயதுப் பிள்ளைக்கு மூன்று நாள் உள்ளுக்குக் கொடுக்கச் சொன்னார்கள். பொட்டலத்தில் பெயர் இல்லை, தயாரித்த நாள் இல்லை, உரிம எண் இல்லை. என்ன சேர்ந்திருக்கிறது என்று நான் விடாமல் கேட்டபோது, கடைக்காரர் மறைக்காமல் சொன்னார்: ஆடுதின்னாப்பாளை முக்கியச் சரக்கு. மிகவும் கசக்கும் இந்தக் கொடி விஷக்கடிக்கென்று காலங்காலமாகப் பெயர் பெற்றது; பாம்புக்கடிக்குப் பேர்போன ஈசுரமூலியும் இதே குடும்பம். இரண்டும் அரிஸ்டோலோக்கியா என்னும் இனத்தைச் சேர்ந்தவை. அந்த இனத்தில் இருக்கும் அரிஸ்டோலோக்கிக் அமிலம் சிறுநீரகத்தை மெல்ல மெல்லச் செயலிழக்கச் செய்வது. சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயை உண்டாக்குவது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உறுதியானவற்றின் முதல் தொகுப்பில் அதை வைத்திருக்கிறது. சில வாரங்களில் தானே மறையும் தடிப்புக்கு, வளரும் பிள்ளையின் சிறுநீரகத்தைப் பணயம் வைக்கும் மருந்தை நான் கொடுக்க மாட்டேன். பொட்டலத்தை அப்படியே குழியில் கொட்டி மூடினேன். சித்த மருத்துவத்தை நாடும் பெற்றோர், பட்டம் பெற்ற சித்த மருத்துவரைப் பார்க்கலாம். அரசு மருத்துவமனைகளிலும் பல ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் அதற்கெனப் பிரிவு இருக்கிறது. பெயரில்லாத பொட்டலம் சித்த மருத்துவம் ஆகாது.

இதோடு சேர்த்து இன்னும் இரண்டு எச்சரிக்கைகள். குப்பைமேனி இலையை உப்போடு கசக்கித் தோலில் தேய்ப்பது பழக்கம். அதன் சாற்றை உள்ளுக்குக் கொடுப்பது மட்டும் கூடவே கூடாது. ஜி6பிடி என்ற நொதி பிறவியிலேயே குறைவாக உள்ள குழந்தைகளுக்கு அதைச் சாப்பிட்டதால் இரத்தச் சிவப்பணுக்கள் சிதைந்ததை இலங்கை மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். உங்கள் குழந்தைக்கு அந்தக் குறை இருக்கிறதா என்பது பெரும்பாலும் முன்கூட்டித் தெரிந்திருக்காது. அடுத்தது கற்பூரம். தேங்காயெண்ணெயில் கற்பூரத்தைக் கரைத்துக் கொசுக்கடிக்குத் தடவும் வீடுகளில், அந்தக் கிண்ணம் தரையில் இருந்தால் தவழும் குழந்தை எடுத்துக் குடித்துவிடும். சிறிதளவு கற்பூரம் உள்ளே போனாலே குழந்தைக்கு வலிப்பு வரக்கூடும்.

மெடிக்கலில் கிடைப்பவை எல்லாம் பாதுகாப்பானவை என்றும் நினைத்துவிடக் கூடாது. பூச்சிக்கடி என்று சொல்லி நீட்டிய கைக்கு, கேள்வி கேட்காமல் ஒரு சிறு டியூபைக் கொடுக்கும் கடைகள் இன்னும் இருக்கின்றன. அதில் வீரியமான ஸ்டீராய்டு, படர்தாமரை மருந்து, ஆன்டிபயாட்டிக் மூன்றும் கலந்திருக்கும். இரண்டே நாளில் சிவப்பு மறையும், அதனால்தான் வீடு வீடாக அது பரவுகிறது. தொடர்ந்து தடவினால் குழந்தையின் தோல் மெலிந்து, நிறம் மாறி, படர்தாமரை அடங்காமல் பரவும். இத்தகைய ஸ்டீராய்டு களிம்புகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று 2018-இல் மத்திய அரசு விதியைக் கடுமையாக்கியது. தோல் மருத்துவர் சங்கமும் இதற்கெதிராகத் தனிக் குழு அமைத்துப் பேசி வருகிறது. வண்டுப் புண்ணுக்கு என் மகளுக்கும் மருத்துவர் மென்மையான ஸ்டீராய்டு களிம்பை எழுதினார். ஐந்து நாள், ஒரு நாளைக்கு இரண்டு வேளை, அதோடு நிறுத்திவிட வேண்டும் என்று தெளிவாகச் சொன்னார். அரிப்புக்கான செட்ரிசின் சிரப்பும் அப்படித்தான்: நல்ல மருந்து, ஆனால் குழந்தையின் வயதுக்கும் எடைக்கும் ஏற்ற அளவை மருத்துவர் ஒருமுறை எழுதித் தந்தபின்பே வீட்டில் வைத்துக்கொள்ள வேண்டும்.

எந்த வீட்டு மருந்தும் நெருங்கக் கூடாத கடிகள் உண்டு. தேள் கொட்டிய குழந்தைக்கு உடம்பெல்லாம் வியர்த்து, வாந்தி வந்து, கை கால் சில்லிட்டால் இதயம் பாதிக்கப்படுகிறது என்று பொருள். இந்தியச் செந்தேளின் அறிவியல் பெயரிலேயே தமுலஸ் என்று தமிழின் சாயல் இருக்கும் அளவுக்கு அது நம் மண்ணுக்குரியது. மகாராஷ்டிரத்தின் மகாட் ஊரில் பணியாற்றிய மருத்துவர் ஹிம்மத்ராவ் பாவஸ்கர், இரத்த அழுத்தத்துக்கான பிராசோசின் மாத்திரை இதற்கு உயிர்காக்கும் என்று 1980-களில் காட்டினார். தேள்கடியால் குழந்தைகள் மடிவது அதனால் பெருமளவு குறைந்தது. 2022-இல் அவருக்குப் பத்மஸ்ரீ வழங்கப்பட்டது. அந்த மாத்திரை அரசு மருத்துவமனையில் கிடைக்கும்போது, மந்திரிப்பதில் ஒரு மணி நேரத்தைக் கழிப்பது குழந்தைக்குச் செய்யும் துரோகம். தேனீயோ குளவியோ கொட்டியபின் உதடு, முகம் வீங்கினாலும், உடம்பெல்லாம் தடித்தாலும், மூச்சு இரைத்தாலும், குழந்தை துவண்டாலும் சிரப்பு ஊற்றிக்கொண்டிருக்கக் கூடாது. அதற்கு மருந்து தொடையில் போடும் அட்ரினலின் ஊசி ஒன்றே. 108-ஐ உடனே அழைக்க வேண்டும்.

எல்லாவற்றிலும் கொடியது கட்டுவிரியன். இரவில் தரையில் பாய் விரித்துப் படுத்திருக்கும் குழந்தையை அது கடித்தால் வலியும் இருக்காது, வீக்கமும் இருக்காது. பல் பட்ட தடம் கொசுக்கடியளவுகூடத் தெரியாது. பூச்சி ஏதோ கடித்திருக்கும் என்று பெற்றோர் திருப்பிப் படுக்க வைத்துவிடுவார்கள். விடியற்காலையில் வயிற்றுவலி, வாந்தி. பிறகு கண்ணிமை சரிவது, எச்சில் விழுங்க முடியாதது, மூச்சு அடங்குவது. தரையில் தூங்கிய குழந்தை காரணமில்லாத வயிற்றுவலியோடு எழுந்து, இமையைத் தூக்க முடியாமல் பார்த்தால், காணாக்கடி என்ற சொல்லையே மறந்துவிட்டு, பாம்புக்கடி என்றே எண்ணி, விஷமுறிவு மருந்தும் செயற்கைச் சுவாசக் கருவியும் உள்ள அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். அந்த மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்குக்கும் பொதுவானது. சென்னைக்கு அருகே வடநெம்மேலியில், 1978-இல் தொடங்கப்பட்ட இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் எடுத்துத் தரும் நஞ்சைக் கொண்டுதான் நாட்டின் பல ஆலைகளில் அது தயாராகிறது.

இரண்டு ஆண்டுகளில் நான் வாங்கியவற்றில் கொடுத்த காசுக்கு மேல் பயன் தந்தது ஒரு கொசுவலை. மடிக்கும் கூடார வகையை முதலில் வாங்கினேன். கம்பி ஒரே மாதத்தில் வளைந்துவிட்டது, ஓரம் தரையோடு படியாமல் தூக்கி நின்றது. இப்போது இருப்பது நான்கு மூலையிலும் கயிறு கட்டும் பருத்தி வலை. பாயைச் சுற்றி ஒரு சாண் மிச்சம் விழும்படி பெரியது. அந்த மிச்சத்தைப் பாய்க்கு அடியில் உள்நோக்கி மடித்துச் செருகினால் கொசு வராது, ஆரஞ்சு வண்டு வராது, கட்டுவிரியனும் உள்ளே நுழைய முடியாது. வலைக்குள் தூங்குகிறவர்களைக் கட்டுவிரியன் கடிப்பது மிகவும் குறைவு என்பதை நேபாளத்துக் கிராமங்களிலும் கண்டறிந்திருக்கிறார்கள். துவைத்தால் சற்றுச் சுருங்குகிறது, மேற்கூரைத் துணி புழுக்கத்தைக் கூட்டுகிறது என்பவை இதன் குறைகள். எட்டு மணிக்கு முன் கூடத்து டியூப்லைட்டை அணைத்துவிட்டு, பாயை உதறி, டார்ச் அடித்து மூலைகளைப் பார்த்தபின் வலையை இறக்குகிறோம். கால்பக்கத்து மூலையில் பூனை கிழித்த ஓட்டையை அத்தை தன் பழைய வாயில் புடவைத் துண்டை வைத்து நெருக்கித் தைத்துக் கொடுத்திருக்கிறார். ஒரு மழைக்காலம் முழுவதும் அந்தத் தையல் தாங்கியிருக்கிறது.